மிதிவண்டி வளர்த்த ஊர்

இரும்பு ஒன்றே, அதனைக் கொண்டு வாளும் வடிக்கலாம், ஏருக்குக் கொழுவும் வடிக்கலாம். வடிப்பவன் கையும், அவன் வாழும் காலமுமே அவ்விரும்பு யாதாகும் என்பதை முடிவு செய்கின்றன. இவ்வுண்மைக்கு ஒரு தனி மனிதனின் வாழ்வைச் சான்று காட்டுதல் எளிது. ஓர் ஊர் முழுவதையுமே சான்றாகக் காட்ட இயலுமா? இயலும். ஸ்பெயின் நாட்டின் வடபால், மலைகளின் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் எய்பார் என்னும் சிறு நகரமே அவ்வூர். தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி செய்து பிழைத்த அவ்வூர் மக்கள், ஒரு நெருக்கடிக் காலத்தில் மிதிவண்டி செய்யக் கற்றனர். மிதிவண்டி செய்தவர்கள் மிதிவண்டிப் பந்தயத்தையும் தம் ஊருக்கு அழைத்தனர். உலகின் தலைசிறந்த வீரர்கள் அவ்வூர் மலையில் வியர்வை சிந்தி ஏறும் காட்சியை இன்று பல்லாயிரவர் கண்டு களிக்கின்றனர். அவ்வூரின் கதையே இப்பாடம்.

மாணவர்களே! உலகப் படத்தில் ஸ்பெயினைக் கண்டுபிடியுங்கள். அதன் வடக்கெல்லையில், பிரான்சு நாட்டை அடுத்து, பாஸ்க் நாடு எனப்படும் பகுதி உள்ளது. அப்பகுதி மக்கள் பேசும் மொழி ஐரோப்பாவின் பிற மொழிகள் எவற்றோடும் உறவின்றித் தனித்து நிற்பது. பில்பாவோ, சான் செபாஸ்டியன் என்னும் இரு பெரு நகரங்களுக்கும் ஏறத்தாழ நடுவழியில் எய்பார் அமைந்துள்ளது. அங்கு வாழும் மக்கள் ஏறத்தாழ இருபத்தேழாயிரவரே. ஏகோ என்னும் சிற்றாறு ஓடும் குறுகிய பள்ளத்தாக்கே ஊரின் நிலப்பரப்பு. நாற்புறமும் மலைச்சரிவு, சமநிலம் என்பது அரிதினும் அரிது. ஆதலால் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவைபோல் உயர்ந்து நிற்கின்றன. தொழிற்கூடங்களுக்கும் தெருக்களுக்கும் இடம் போதாமையால், ஊர் நடுவே ஆற்றையும் மூடி அதன்மேல் கட்டடங்களை எழுப்பினர். தாழ்ந்த தெருவிலிருந்து உயர்ந்த தெருவுக்குச் செல்ல முதியோர்க்கு உதவும் பொருட்டு மின்தூக்கிகளும் நகரும் படிக்கட்டுகளும் பொது வழிகளிலேயே அமைக்கப்பட்டுள்ளன.

உழுவதற்கு நிலம் இல்லாத ஊரினர் எவ்வாறு வாழ்வர்? நிலம் கொடாததைக் கைத்திறன் கொடுத்தது. அம்மலை நாட்டில் இரும்புக் கனி மிகுதி. உலைக்கு வேண்டிய கரியைத் தரும் காடுகளும் மிகுதி. துருத்தியையும் சம்மட்டியையும் இயக்கும் ஓடைகளும் உண்டு. இம்மூன்றும் கூடிய இடத்தில் கொல்லுத்தொழில் தழைத்தல் இயல்பன்றோ? பல நூற்றாண்டுகளாக எய்பார் படைக்கலம் செய்யும் ஊராக விளங்கிற்று. ஒருவர் குழல் துளைப்பர்; ஒருவர் விசை பொருத்துவர்; மற்றொருவர் மரக்கட்டை செதுக்குவர்; இன்னொருவர் எல்லாவற்றையும் இணைத்து மெருகிடுவர். இவ்வாறு ஒரு துப்பாக்கி பல வீடுகளைக் கடந்து உருப்பெறும். எவன் ஒருவன் பிழை செய்யினும் முழுப் பொருளும் பாழாகும். ஆகவே, தன் வேலையைப் பழுதின்றிச் செய்தல், அண்டை வீட்டான் வேலையை மதித்தல் என்னும் இரு பண்புகளையும் அத்தொழிலே அவர்களுக்குக் கற்பித்தது.

படைக்கலத்தை அழகு செய்யும் கலையும் அங்கே வளர்ந்தது. எஃகின்மீது நுண்ணிய கோடுகள் கீறி, அவற்றில் பொன்னிழையையும் வெள்ளியிழையையும் பதித்துப் பூவும் கொடியுமாக அணி செய்தல் அக்கலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளாசிதோ சுலோவாகா என்பவர் அதில் இணையற்றவராகப் புகழ்பெற்றார். தொழிலை வீட்டுத் திண்ணையில் பயின்றால் மட்டும் போதாது, முறையாகவும் பயில வேண்டும் என உணர்ந்த அவ்வூரினர், 1913ஆம் ஆண்டில் படைக்கலத் தொழிற்பள்ளி ஒன்றைத் தொடங்கினர். அளத்தல், வரைதல், கடைதல், பொருத்துதல் ஆகியவற்றை இளைஞர் அப்பள்ளியில் கற்றனர். அவர்கள் கற்ற கல்வி பின்னாளில் எதற்குப் பயன்படும் என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

1914ஆம் ஆண்டில் முதலாம் உலகப் பெரும்போர் மூண்டது. ஸ்பெயின் அப்போரில் கலந்துகொள்ளவில்லை. ஆயினும் பிரான்சு நாட்டுப் படைக்கு வேண்டிய கைத்துப்பாக்கிகள் பெருந்தொகையாக எய்பாரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் செய்யப்பட்டன. உலைகள் இரவும் பகலும் எரிந்தன. ஊரில் பணம் புரண்டது. 1918ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தது. உலகம் பெருமூச்செறிந்து மகிழ்ந்தது. எய்பாரின் உலைகளோ அவியத் தொடங்கின. துப்பாக்கி கேட்பார் இல்லை. செய்த பொருள் தேங்கிற்று. தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். பிறர் அமைதியுற்ற போது தாம் பசியுறுதல் எத்துணைக் கொடிய நிலை! பிறர் போரிட்டால்தான் நம் பிள்ளைகள் உண்ண வேண்டுமா என்னும் வினா, கூறப்படாமலே அவ்வூர் வீடுதோறும் எழுந்திருத்தல் கூடும்.

அவ்வினாவுக்கு விடை சொல்லினால் வரவில்லை; கைகளால் வந்தது. துப்பாக்கிக் குழலைச் செம்மையாகச் செய்யும் கை, மிதிவண்டியின் குழலைச் செய்ய இயலாதோ? எஃகுக் குழல்களைப் பிசகின்றி வெட்டி, கோணம் தவறாமல் பற்றவைத்து, திருகுகளையும் உருளைமணிகளையும் மயிரிழை வேறுபாடும் இன்றிப் பொருத்துவதே மிதிவண்டித் தொழில். இவை யாவும் எய்பாரினர் நன்கறிந்தவை. 1909ஆம் ஆண்டில் கைத்துப்பாக்கி செய்யத் தோன்றிய பெய்ஸ்தேகி உடன்பிறந்தார் தொழிலகம், 1920களில் மிதிவண்டி செய்யத் தலைப்பட்டது. அவ்வுடன்பிறந்தார் பெயரின் முதலெழுத்துகளால் அதன் வண்டிகள் ‘பே ஆச்சே’ என வழங்கப்பெற்றன. 1892இல் தோன்றிய காராத்தே - அனித்துவா தொழிலகமும், 1840இல் தோன்றிய ஓர்பேயா உடன்பிறந்தார் தொழிலகமும் அவ்வழியே திரும்பின. இன்னொரு கூட்டத்தார் 1920ஆம் ஆண்டில் தொழிலாளர்களே முதலாளிகளாக அமைந்த ஆல்ஃபா என்னும் கூட்டுறவு நிலையத்தை நிறுவினர். அது பின்னர்த் தையற்பொறி செய்து பெயர்பெற்றது. இங்ஙனம், கொல்லும் கருவி செய்த கைகள், மக்களைச் சுமந்து செல்லும் கருவியையும் மானம் காக்கும் உடை தைக்கும் கருவியையும் செய்யலாயின.

படைக்கலத் தொழில் அன்றோடு அவ்வூரை விட்டு அறவே நீங்கிற்று என்று எண்ணிவிடலாகாது. வேட்டைத் துப்பாக்கிகள் தொடர்ந்து செய்யப்பட்டன. பின்னாளில் போர் வந்தபோது போர்க்கருவிகளும் செய்யப்பட்டன. மனிதர் வரலாறு கதைகளில் வருவதுபோல் ஒரே நாளில் திரும்பிவிடுவதில்லை. ஆயினும் பழந்தொழிலின் அறிவைக் கொண்டே புதுத்தொழில் ஒன்றைத் தோற்றுவித்தனர் என்பதே நாம் போற்றத்தக்கது. கற்றதை மறந்து அவர்கள் புதியதைக் கற்கவில்லை. கற்றதை வேறு திசையில் திருப்பினர்.

வண்டி செய்தால் மட்டும் போதுமா? அது வலிவுடையது என்பதை மக்கள் நம்ப வேண்டும். அந்நம்பிக்கையைப் பந்தயமே தரும். 1935ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டைச் சுற்றிவரும் மிதிவண்டிப் பெரும்பந்தயம் முதன்முதலாக நடைபெற்றது. மாட்ரிட் நகரில் தொடங்கி, பதினான்கு கட்டங்களாக 3,400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியைக் கடந்து, மீண்டும் மாட்ரிட்டிலேயே அது முடிந்தது. அன்றைய சாலைகளோ புழுதியும் பள்ளமும் நிறைந்தவை. ஐம்பதின்மர் புறப்பட்டனர், இருபத்தொன்பதின்மரே இறுதிவரை வந்து சேர்ந்தனர். அப்பந்தயத்தில் வெற்றி பெற்ற பெல்ஜிய வீரர் குஸ்தாவ் தெலோர் ஏறிச் சென்ற வண்டி, எய்பாரில் செய்த ‘பே ஆச்சே’ வண்டியே. வெற்றி மாலை வீரரின் கழுத்தில் விழுந்தது. அதன் மணமோ எய்பார்ப் பட்டறைகளிலும் வீசிற்று.

அம்மணம் நெடுநாள் நிற்கவில்லை. எய்பார் மக்கள் உரிமை வேட்கை மிக்கவர். 1931ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் விடியற்காலையில், நாடெங்கும் பிற நகரங்கள் தயங்கி நின்றபோது, தம் நகர்மன்றக் கட்டடத்தில் குடியரசுக் கொடியை முதற்கண் ஏற்றியவர்கள் அவர்களே. அன்றே ஸ்பெயின் குடியரசாயிற்று. ஐந்தாண்டுகளுக்குப் பின் அக்குடியரசை எதிர்த்துப் படைத்தலைவர்கள் கிளர்ந்தெழ, நாடு உள்நாட்டுப் போரில் மூழ்கிற்று. 1937ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் எய்பார்மீது வானூர்திகள் குண்டு மழை பொழிந்தன. ஊரின் நடுப்பகுதி பெரும்பாலும் தீக்கிரையாயிற்று. படைக்கலம் செய்த ஊர், படைக்கலத்தாலேயே அழிந்தது. இதனினும் துயரமான பாடம் வேறு என்ன உண்டு?

எனினும் சாம்பலிலிருந்து அவ்வூர் மீண்டும் எழுந்தது. இடிபாடுகளை அகற்றினர், பட்டறைகளைத் திறந்தனர். உணவும் துணியும் அரிதாயிருந்த அந்நாளிலேயே, 1941ஆம் ஆண்டில், ஊரை அடுத்த அர்ராத்தே மலைமீது மிதிவண்டியில் ஏறும் பந்தயம் தொடங்கிற்று. பசித்த வயிற்றோடு பந்தயமா என்று ஒருவர் கேட்கலாம். ஆனால் இழந்த ஊரினர்க்குச் சோறு மட்டும் போதாது. தாம் இன்னும் ஓர் ஊரே என்னும் உணர்வும் வேண்டும். மலைவழியின் இருமருங்கும் ஒன்றுகூடி நின்று ஒரே குரலில் ஆர்ப்பரிக்கும்போது அவ்வுணர்வு மீளும். 1952ஆம் ஆண்டில் ‘எய்பார் மிதிவண்டி’ என்னும் பெயரிலேயே பல நாள் நிகழும் பந்தயம் ஒன்றும் தோன்றிற்று. ஊர் செய்யும் பொருளே பந்தயத்தின் பெயராயிற்று.

பாஸ்க் நாட்டைச் சுற்றிவரும் பந்தயம் 1924ஆம் ஆண்டிலேயே தோன்றியிருந்தது. 1935க்குப் பின் அது நின்றுபோயிற்று. 1969ஆம் ஆண்டில் மீண்டும் உயிர்பெற்றது. அவ்வாண்டில் வென்றவர் பிரான்சு நாட்டுப் பெருவீரர் ஜாக் ஆங்க்தீல். எய்பார்ப் பந்தயத்தின் மரபும் பின்னர் அதனோடு கலந்தது. பாஸ்க் மொழியில் அப்பந்தயத்தை ‘இட்சூலியா’ என்பர். சுற்றி வருதல் என்பது அதன் பொருள். ஏப்ரல் திங்கள் தொடக்கத்தில் ஆறு நாள் அது நிகழும். பல ஆண்டுகளில் அதன் இறுதிநாள் ஓட்டம் எய்பாரில் அமைந்துள்ளது. 2023இல் டென்மார்க் நாட்டு யோனாஸ் விங்கேகோரும், 2024இல் ஸ்பெயின் நாட்டு ஹுவான் அயூசோவும், 2025இல் போர்ச்சுகல் நாட்டு ஜுவாவோ அல்மெய்தாவும் முழுப்பந்தயத்தின் வெற்றியையும் எய்பாரில்தான் உறுதி செய்துகொண்டனர்.

அர்ராத்தே மலையின் இயல்பைச் சிறிது அறிந்தால்தான் அவ்வெற்றியின் அருமை விளங்கும். ஊர் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலைமேல் அன்னை மரியாளின் பழைய கோயில் ஒன்று உண்டு; எய்பாரினர் அதனைத் தம் ஊரின் காவலாகக் கருதுவர். ஊரிலிருந்து அதற்குச் செல்லும் வழி ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. தொலைவு சிறிதே; ஆனால் நூறு மீட்டர் சென்றால் ஏறத்தாழ எட்டு மீட்டர் உயர வேண்டும். சில வளைவுகளில் ஏற்றம் இன்னும் கடுமை. வெறுங்கையோடு நடப்பவருக்கே மூச்சு வாங்கும் அவ்வழியில், அதற்கு முன்பே நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டிவந்த வீரர்கள் ஒருவரையொருவர் முந்த முயல்வர் என்றால் அவர்தம் ஆற்றலை என்னென்பது!

மிதிவண்டிப் பந்தயம் தனி ஒருவர் வெற்றி போல் தோன்றும். உண்மையில் அது கூட்டு முயற்சியே. ஒவ்வோர் அணியிலும் எழுவர் அல்லது எண்மர் இருப்பர். விரைந்து செல்லும் வீரனை எதிர்த்து நிற்கும் பெரும்பகை காற்று. முன்னே ஒருவன் காற்றைக் கிழித்துச் செல்ல, அவனை ஒட்டிப் பின்னே செல்பவன் தன் உழைப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை மிச்சப்படுத்தலாம். ஆகவே அணித்தலைவனைக் காக்கும் பொருட்டு மற்றையோர் மாறி மாறி முன்னே செல்வர். தலைவனுக்குத் தண்ணீர் கொணர்வர். அவன் வண்டிச் சக்கரம் பழுதுற்றால் தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பதும் உண்டு. மலையடிவாரம் வரை தம் வலிவெல்லாம் செலவிட்டு, பின்பு மெல்லத் தளர்ந்து பின்தங்கிவிடுவர். பரிசு மேடையில் அவர்கள் பெயர் ஒலிப்பதில்லை. அவர்கள் இன்றேல் மேடையில் நிற்பவனும் இல்லை. ஒரு துப்பாக்கி பல வீடுகளில் உருப்பெற்ற ஊரினர்க்கு இவ்வுண்மையை எவரும் விளக்க வேண்டுவதில்லை. அதனால்தான், கடைசியில் தள்ளாடி வருபவனுக்கும் அவர்கள் முதல்வனுக்குச் செய்யும் ஆரவாரத்தையே செய்கின்றனர்.

ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றதே பந்தய நாள். அதற்கு அரங்கம் இல்லை. கட்டணச் சீட்டும் இல்லை. நாள்தோறும் மக்கள் கறிகாய் வாங்கச் செல்லும் தெருவே அன்று உலகப் போட்டியின் களம். வண்டிகளைச் சாலையோரத்தில் நிறுத்தலாகாது. கடைக்காரர் சில மணி நேரம் வாணிகத்தை இழப்பர். வளைவுதோறும் எச்சரிக்கைக் கொடியுடன் ஒருவர் நிற்றல் வேண்டும். மக்கள் காலையிலேயே உணவுப் பொதியுடன் மலையேறி இடம் பிடிப்பர். பாட்டனார் தோளில் பேரன் அமர்ந்திருப்பான். வீரர்கள் கடந்து செல்லும் நேரமோ சில நிமிடங்களே. அச்சில நிமிடங்களுக்காக மழையிலும் நாள் முழுதும் காத்திருக்கும் அன்பை விலை கொடுத்து வாங்க முடியுமா?

அவ்வூரின் விளையாட்டுப் பற்று மிதிவண்டியோடு முடியவில்லை. வெறுங்கையால் சுவரில் பந்தடிக்கும் பெலோட்டா என்னும் ஆட்டம் பாஸ்க் மக்களின் பழைய ஆட்டம். எய்பாரில் 1904ஆம் ஆண்டில் எழுந்த ஆட்டக்கூடத்திற்கு ‘அஸ்தெலேனா’ என்று பெயர். அச்சொல்லுக்குப் பாஸ்க் மொழியில் திங்கட்கிழமை என்பது பொருள். திங்கட்கிழமைதோறும் அங்கே ஆட்டம் நிகழ்ந்தமையால் அப்பெயர் அமைந்தது. 1924ஆம் ஆண்டில் தோன்றிய எய்பார் விளையாட்டுக் கழகம் மலையேற்றம், மிதிவண்டி முதலிய பல துறைகளையும் ஒரு குடைக்கீழ் வளர்த்தது. பட்டறையில் ஒன்றாக உழைப்பவர் மாலையில் ஒன்றாக விளையாடுவர். விடுமுறையில் ஒன்றாக மலையேறுவர். உழைப்பும் விளையாட்டும் அங்கே பகையாக நிற்கவில்லை, உடன்பிறப்பாக நின்றன.

கால்பந்திலும் அவ்வூர் உலகை வியக்க வைத்தது. 1940ஆம் ஆண்டில் தோன்றிய அவ்வூர்க் கால்பந்துக் கழகம், 2014ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் முதல்தரப் போட்டிக்குத் தகுதி பெற்றது. அத்துணைச் சிறிய ஊர் ஒன்று அந்நிலையை எய்தியது அதுவே முதன்முறை. ஆனால் ஓர் இடர் நேர்ந்தது. கழகத்திற்குக் கடன் எதுவும் இல்லை; வரவுக்குள் செலவு செய்து வந்தது. இருப்பினும், குறித்த அளவு மூலதனம் இல்லாத கழகம் கீழ்த்தரப் போட்டிக்குத் தள்ளப்படும் என்பது சட்டம். ஏறத்தாழ பதினேழு இலட்சம் யூரோ சில திங்களுக்குள் திரட்ட வேண்டும். செல்வர் ஒருவரிடம் கழகத்தை ஒப்படைத்திருந்தால் ஒரே நாளில் சிக்கல் தீர்ந்திருக்கும். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. தனி ஒருவர் ஆதிக்கம் பெறாதபடி வரம்பு வகுத்து, சிறு சிறு பங்குகளாக விற்றனர். ஊரினர் வாங்கினர்; பற்பல நாடுகளில் வாழும் முன்பின் அறியாதாரும் வாங்கினர். குறித்த காலத்திற்குள் பணம் சேர்ந்தது. அக்கழகம் ஏழு ஆண்டுகள், 2021 வரை, முதல்தரத்திலேயே பெருங்கழகங்களுடன் பொருதது. முதலாண்டின் முடிவில் அது கீழிறங்க வேண்டிய இடத்தில் இருந்தது. அப்போது வேறொரு கழகம் கடன்பட்டுத் தகுதி இழந்தமையால் இது நிலைத்தது. கடனின்றி வாழ்ந்த சிக்கனம் கைவிடவில்லை!

மாணவர்களே! இதுவரை வளர்ச்சியைக் கூறினேன். இனித் தேய்வையும் கூறல் வேண்டும். குறுகிய பள்ளத்தாக்கில் பெரிய தொழிற்சாலைகள் வளர இடம் இல்லை. பெய்ஸ்தேகி உடன்பிறந்தார் தொழிலகம் 1959ஆம் ஆண்டில் விட்டோரியா நகருக்குப் பெயர்ந்தது. ஓர்பேயா, நலிவுற்ற காலத்தில், 1969ஆம் ஆண்டில் தொழிலாளர்களின் கூட்டுறவு நிலையமாக மாறிப் பிழைத்தது; பின்பு அருகிலுள்ள மல்லாபியா என்னும் சிற்றூருக்குச் சென்றது. காராத்தே - அனித்துவா தொழிலகம் மூடப்பட்டது. 1970களிலும் 1980களிலும் வந்த தொழில் நெருக்கடியால் வேலை தேடி ஊரை விட்டகன்றோர் பலர். முப்பதாயிரத்தைக் கடந்திருந்த மக்கள்தொகை குறைந்தது. ஊரைப் புகழேற்றிய அப்பெரு மிதிவண்டித் தொழிற்சாலைகள் இன்று அவ்வூரில் இல்லை.

ஆயின் பந்தயம் மட்டும் ஏன் வருகிறது? இவ்வினாவில்தான் இக்கதையின் உயிர் இருக்கிறது. முதலில், வண்டியை விற்பதற்குப் பந்தயம் துணையாயிற்று. பின்னர், வண்டி ஊரை விட்டுப் போன போதும், பந்தயம் ஊரினர் நெஞ்சில் வேரூன்றி நின்றது. வாணிகத்தின் பொருட்டுத் தோன்றியது, வாணிகம் நீங்கிய பின்னும் வாழுமாயின், அதனைப் பண்பாடு என்றே கூறல் வேண்டும். இன்று மலைவழியில் நின்று ஆர்ப்பரிக்கும் இளைஞன் மிதிவண்டி செய்தவன் அல்லன். அவன் பாட்டனார் செய்திருக்கலாம். சக்கரம் சுழலும் ஓசையில் அவன் தன் முன்னோரின் அரம் தேய்த்த ஓசையைக் கேட்கிறான்.

இதற்கு ஒரு சான்று 2020ஆம் ஆண்டில் கிடைத்தது. அவ்வாண்டு உலகெங்கும் கொள்ளைநோய் பரவிற்று. ஸ்பெயினைச் சுற்றும் பெரும்பந்தயம், வெளிநாட்டில் தொடங்கும் திட்டத்தைக் கைவிட்டு, அக்டோபர் 20ஆம் நாள் பாஸ்க் நாட்டு இருன் நகரில் தொடங்கிற்று. முதல்நாள் ஓட்டத்தின் முடிவிடம் அர்ராத்தே மலை. 2012ஆம் ஆண்டில் அதே பந்தயம் அம்மலைக்கு வந்து, அலெஹாந்த்ரோ வால்வெர்தே வென்றபோது மக்கள் வெள்ளம் வழியை நெருக்கியது. 2020இலோ மலைவழியில் மக்கள் கூடுதல் தடுக்கப்பட்டிருந்தது. ஸ்லோவேனிய வீரர் பிரிமோஷ் ரோக்லிச் வென்றார். அவர் வென்ற வழி வறிதே கிடந்தது. தம் மலைக்கு வந்த பெரும்பந்தயத்தை வீட்டினுள் அமர்ந்து தொலைக்காட்சியில் காண்பது ஊரினர்க்கு எளிதாயிருந்திராது. ஆயினும் நோயுற்றோரையும் முதியோரையும் எண்ணி விலகி நின்றனர். விளையாட்டை நேசித்தல் ஒரு பண்பு. அதனினும் பெரியது ஒன்று உண்டென அறிந்து விலகி நிற்றல் அதனினும் உயர்ந்த பண்பு.

இரண்டாண்டுகள் கழிந்தன. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இட்சூலியாவின் இறுதிநாள் ஓட்டம் எய்பாரிலிருந்து புறப்பட்டு அர்ராத்தே மலையில் முடிந்தது. அன்று முதலாவதாக வந்தவர் அதே கிபுஸ்கோவா மாவட்டத்தில் பிறந்த இயோன் இசாகிர்ரே. வந்தது தம் மண்ணின் மகன் எனின், அம்மலை அன்று எப்படி ஒலித்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எய்பாரின் கதை நமக்குக் கூறுவது யாது? ஊரின் சிறுமையும் பெருமையும் அதன் பரப்பளவில் இல்லை. நிலம் இல்லை என்று அவர்கள் சோர்ந்திலர். தொழில் நின்றது என்று மயங்கிலர். தீயில் எரிந்தோம் என்று கைவிட்டிலர். கைத்திறன், கூட்டுறவு, கடன்படா வாழ்வு, விளையாட்டுப் பற்று ஆகிய நான்கும் அவர்களைத் தாங்கின. கையில் உள்ள திறமை நல்வழிக்கும் பயன்படும், தீவழிக்கும் பயன்படும். அதனை எத்திசையில் திருப்புவது என்பதே ஒவ்வொரு தலைமுறையும் தானே விடை காண வேண்டிய வினா. எய்பார் மக்கள் துப்பாக்கிக் குழலை மிதிவண்டிக் குழலாக்கினர். உங்கள் கையிலும் ஒருநாள் ஏதேனும் ஒரு திறமை வந்து சேரும். அந்நாளில், மலைகளுக்கு இடையே ஒடுங்கிக் கிடக்கும் அச்சிற்றூரைச் சிறிது நினைவுகூருங்கள்.